இந்திரன் வீழ்ந்தானா?

‘இந்திரன்’ என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழும் உருவம் எது? வெள்ளை யானைமீது வீற்றிருக்கும் வானவர் கோன் ஒருவன். பிறர் தவம் செய்யக் கண்டால் நடுங்குபவன். அரம்பையரை ஏவித் தவத்தைக் கலைப்பவன். அகலிகையின் பொருட்டுச் சாபம் ஏற்றவன். அசுரரிடம் தோற்று, சிவபெருமானிடமோ திருமாலிடமோ முறையிட்டு நிற்பவன். கதாகாலட்சேப மேடையிலும் நாடக அரங்கிலும் திரைப்படத்திலும் நாம் கண்ட இந்திரன் இவனே. அவன் மேடைக்கு வந்தாலே அவையோர் நகைக்க ஆயத்தமாகி விடுவர்.

ஆயின், வேதங்களுள் பழமை வாய்ந்த இருக்கு வேதத்தைத் திறந்து பார்ப்போர்க்கு வியப்பே மிஞ்சும். அந்நூலில் உள்ள 1028 பாடல்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்திரனைப் பாடுவது. வேறெத்தேவனுக்கும் அத்தனை பாடல்கள் இல்லை. அன்று முதல்வனாய் நின்றவன் பின்னர் நகைப்புக்கு உரியவனானது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு மூவகை விடைகள் நம்மிடையே வழங்கி வருகின்றன. சமயப் பற்றாளர் சிலர், ‘எங்கள் பெருமானின் மேன்மை விளங்கவே இந்திரன் தாழ்ந்தான்’ என்பர். வரலாற்று நோக்குடையார், ‘வேதநெறி தேய்ந்து புராணநெறி ஓங்கியதன் விளைவு இது’ என்பர். மூன்றாம் சாரார், ‘அவன் வடவர் தெய்வம், தமிழர்க்கு அவனோடு தொடர்பே இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்து விடுவர். இம்மூன்றிலும் சிறிது உண்மை உண்டு. எனினும், ஒன்றும் முழு உண்மை அன்று என்பதே நாம் ஈண்டு நிறுவ முனைவது.

வேதம் காட்டும் இந்திரன்

வேதப் புலவர் கண்ட இந்திரனின் தலையாய செயல் விருத்திரனைக் கொன்றது. விருத்திரன் மலையைச் சுற்றிக் கிடந்து நீரையெல்லாம் அடைத்து வைத்த பெரும்பாம்பு. துவட்டா செய்தளித்த வச்சிரப் படையால் இந்திரன் அவனைப் பிளந்தான். அடைபட்ட நீர் கன்றை நாடும் பசுக்களைப் போலக் கடலை நோக்கி ஓடிற்று. ஏழு ஆறுகளும் விடுதலை பெற்றன. இருக்கு வேதத்தின் முதல் மண்டிலத்து 32ஆம் பாடலின் சாரம் இது. போர்த்தெய்வம் என்று மட்டும் அவனைச் சொல்லிவிட்டால் பாதியைத்தான் சொன்னவர் ஆவோம். நீரை விடுவித்தவன் என்பதே அவன் பெருமையின் மறுபாதி.

அவன் பழமைக்கு வேதத்திற்கு வெளியேயும் சான்று உண்டு. இன்றைய துருக்கி நாட்டின் போகசுகோய் என்னுமிடத்தில் 1906, 1907ஆம் ஆண்டுகளில் செருமானிய அறிஞர் ஊகோ விங்க்லர் அகழ்ந்தபோது களிமண் ஏடுகள் பல கிடைத்தன. அவற்றுள் இட்டைட்டு மன்னனும் மித்தானி மன்னனும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையும் ஒன்று. அதில் சான்றாக அழைக்கப்பட்ட தெய்வங்களின் வரிசையில் மித்திரன், வருணன், நாசத்தியர் ஆகியோருடன் இந்திரன் பெயரும் இருக்கிறது. மன்னர் இருவர் தம் சொல்லுக்குப் பிணையாக அவனை நிறுத்தியிருக்கின்றனர் என்றால், அவன் செல்வாக்கு எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

பாரசீகரின் பழைய சமயநூல் தொகுதியிலோ நிலைமை வேறு. அங்கே இந்திரன் தீய ஆவிகளுள் ஒருவன்! ஆனால், விருத்திரனைக் கொன்றவன் என்னும் பொருளில் வேதம் அவனுக்குச் சூட்டிய பட்டத்தோடு ஒத்த பெயருடைய தெய்வம் அதே நூல் தொகுதியில் வணங்கப்படுகிறது. இந்திரன் பெயர் ஒருபுறம் பழிக்கப்பட, அவன் பட்டம் மறுபுறம் போற்றப்பட்டது. ஆகவே, அவனைப் பற்றிய கருத்து வேற்றுமை நம் புராண ஆசிரியர் படைத்த புதுமை அன்று. அது மிகத் தொன்மையானது.

ஐயமும் பழியும் எங்கே தொடங்கின?

புராணங்களே இந்திரனைத் தாழ்த்தின என்போர் ஒன்றை மறந்து விடுகின்றனர். அவனைப் பற்றிய முதல் ஐயம் வேதத்துக்குள்ளேயே எழுந்து விட்டது. இருக்கு வேதத்து இரண்டாம் மண்டிலத்தின் 12ஆம் பாடல் இந்திரன் புகழை அடுக்கிச் சொல்வது. அதே பாடல், ‘அவன் எங்கே?’ என்று கேட்போரும், ‘அவன் இல்லவே இல்லை’ என்போரும் அன்று இருந்தனர் என்பதை ஒளிக்காமல் கூறுகிறது. எட்டாம் மண்டிலத்திலும் இத்தகைய ஐயக்குரல் ஒன்று பதிவாகி இருக்கிறது. ஐயத்தை மறைக்காமல் பாட்டிலேயே வைத்துப் போற்றிய அந்த நேர்மை நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பழியும் அவ்வாறே. துவட்டாவின் மகனும் தேவர்களின் புரோகிதனுமாகிய விசுவரூபனை இந்திரன் கொன்றான் என்றும், அந்தணனைக் கொன்ற பழி அவனைப் பற்றியது என்றும், அதனை ஓராண்டு சுமந்தபின் நிலம், மரம், மகளிர் ஆகிய மூவர்க்கும் பங்கிட்டான் என்றும் தைத்திரீய சங்கிதை கூறுகிறது. சதபத பிராமணம் காட்டும் வேள்வி அழைப்பிலோ, ‘அகலிகையின் காதலன்’ என்றே அவன் விளிக்கப்படுகிறான். அழைப்பிலேயே இச்சொல் வருவதால், அந்நாளில் அதனை வசையாகக் கொள்ளவில்லை என்று துணியலாம். பின்னாளில் வான்மீகி அதனை விரித்துக் கதையாக்கினார், இந்திரன் ஒறுக்கப்பட்டான். கம்பர் காலத்தில் ஒறுப்பின் வகை மாறிற்று. உடலெங்கும் ஏற்பட்ட இழிகுறிகள் பின்னர் ஆயிரம் கண்களாயின என்ற வழக்கு நிலைத்தது.

ஈண்டு ஒரு நுட்பம் காண்க. ‘ஆயிரங்கண்ணன்’ என்பது வேதத்திலேயே வரும் பெயர். இந்திரனையும் வாயுவையும் சேர்த்துப் பாடும் பாடலொன்றில் இருவருமே ஆயிரங்கண்ணர் எனப்படுகின்றனர். எங்கும் காண வல்லவர் என்பதே அதன் பொருள். புகழுரையாய்ப் பிறந்த அப்பெயர் பின்னாளில் பழியின் அடையாளமாயிற்று. சொல் மாறவில்லை, சொல்லை நோக்கிய சமுதாயத்தின் கண் மாறிற்று. வலிமையை வியந்த காலம் போய், வலியவன் செய்ததைத் தட்டிக் கேட்கும் காலம் வந்தது. இந்திரன் கதையின் உயிர்நாடி இம்மாற்றத்திலேதான் இருக்கிறது.

மாணவனாய் நின்ற மன்னன்

வேதகால இந்திரனுக்கும் புராணகால இந்திரனுக்கும் நடுவே மற்றோர் இந்திரன் இருக்கிறான். மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் அவன் உபநிடதங்களின் இந்திரன்.

கேனோபநிடதம் கூறும் கதை இது. அசுரரை வென்ற தேவர்கள் வெற்றி தமதே என்று செருக்குற்றனர். அவர்முன் இன்னதென்று அறியவொண்ணாத உரு ஒன்று தோன்றிற்று. அது வைத்த ஒரு துரும்பைத் தீக்கடவுளால் எரிக்க முடியவில்லை. காற்றுக் கடவுளால் அசைக்க முடியவில்லை. இறுதியில் இந்திரன் சென்றான். அவன் நெருங்கியதும் அவ்வுரு மறைந்தது. முன்னவர் இருவரும் திரும்பி வந்தது போல அவன் திரும்பவில்லை, அங்கேயே நின்றான். அவ்வெளியில் உமை தோன்றி, ‘அதுவே பரம்பொருள், அதன் வெற்றியையே உமது வெற்றி என எண்ணினீர்’ என உணர்த்தினாள். படையால் பெற்ற தலைமை அங்கே அறிவால் பெற்ற தலைமையாகிறது.

சாந்தோக்கியத்திலோ அவன் முழு மாணவன். ஆன்மாவை அறிய விரும்பித் தேவர் சார்பில் இந்திரனும் அசுரர் சார்பில் விரோசனனும் பிரசாபதியிடம் செல்கின்றனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் பணி செய்கின்றனர். நீரில் தெரியும் உருவைக் காட்டி, ‘இதுவே ஆன்மா’ என்கிறார் ஆசிரியர். விரோசனன் அதை நம்பி மகிழ்ந்து போய்விடுகிறான். இந்திரனுக்கோ பாதி வழியிலேயே ஐயம் பிறக்கிறது. ‘உடல் குருடானால் இந்த ஆன்மாவும் குருடாகுமே, உடல் அழிந்தால் இதுவும் அழியுமே’ என்று திரும்பி வருகிறான். இப்படி மும்முறை திரும்பி வந்து, மொத்தம் நூற்றோராண்டு மாணவனாய் இருந்து மெய்ப்பொருளை அறிகிறான். அறிவு தேடுவோர்க்கு ஐயம் இழுக்கன்று, அணிகலன் என்பதற்கு இதனினும் சிறந்த கதை வேண்டுமா? தன் இருப்பையே ஐயுற்றவர் நடுவில் பாடப்பட்ட தெய்வம், தானே ஐயுறும் மாணவனாக வளர்ந்து நிற்பது இந்தியச் சிந்தனை வரலாற்றின் அழகிய திருப்பம்.

அவனுக்கு மொழியோடும் உறவு உண்டு. பகுக்கப்படாதிருந்த பேச்சைத் தேவர்கள் வேண்டிக்கொண்டபடி இந்திரனே பகுத்தான் என்று தைத்திரீய சங்கிதை சொல்லும். அவன் பெயரால் வழங்கியது ஐந்திர இலக்கணம். தொல்காப்பியர் ஐந்திரம் கற்றுத் துறைபோகியவர் என்று பனம்பாரனார் பாயிரத்தில் குறித்திருப்பதை நம் மாணவர் அறிவர். ‘ஐந்திரம்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் கொள்வோரும் உளர். எனினும், இலக்கணத்தோடு இந்திரனை இணைத்த மரபு பழமையானது என்பதில் ஐயமில்லை.

தமிழர்க்கு அவன் அயலானா?

இனி மூன்றாம் சாராரிடம் வருவோம். சிந்துவெளி நகரங்களை அழித்த ஆரியரின் தலைவனே இந்திரன் என்ற கருத்து ஒரு காலத்தில் மிகப் பரவி இருந்தது. மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக் கூடுகளையும், ‘கோட்டைகளைத் தகர்ப்பவன்’ என்ற வேதப் பட்டத்தையும் இணைத்து, 1947இல் ஆங்கிலேயத் தொல்லியலறிஞர் மார்ட்டிமர் வீலர் இந்திரனையே குற்றக் கூண்டில் ஏற்றினார். அதனை நம்பி நம்மவரும் பலர் பேசினர், எழுதினர். ஆனால் 1964இல் அமெரிக்கத் தொல்லியலறிஞர் சார்ச்சு டேல்சு அச்சான்றுகளை மீள ஆராய்ந்து, அக்கூடுகள் ஒரே நாளில் நடந்த படுகொலையைக் காட்டவில்லை என்று தெளிவுபடுத்தினார். இன்று தொல்லியலாளர் வீலரின் அக்கருத்தை ஏற்பதில்லை. குற்றச்சாட்டு தள்ளுபடியான பின்னும் குற்றவாளி என்றே ஒருவனை அழைத்து வருவது அறிவுடையார்க்கு அழகாகுமா?

தமிழ் நூல்கள் என்ன சொல்கின்றன? தொல்காப்பியர் முல்லைக்கு மாயோனையும், குறிஞ்சிக்குச் சேயோனையும், நெய்தலுக்கு வருணனையும் உரியவராக்கி, வயலும் வயல் சார்ந்த மருதத்துக்கு ‘வேந்தன்’ என்பவனை உரியவன் ஆக்குகிறார். உரையாசிரியர் அவனை இந்திரன் என்றே கொண்டனர். அவர் கொண்டது சரியா, அன்றி வேந்தன் என்பவன் வேறொரு தமிழ்த்தெய்வமா என்று இன்றும் வாதம் உண்டு. அவ்வாதம் எப்படி முடியினும், நெல் விளையும் நீர்வளம் சார்ந்த நிலத்தோடு அத்தெய்வத்தை இணைத்தது, நீரை விடுவித்த வேத இந்திரனுக்கு ஒத்தே இருக்கிறது.

புறநானூற்றின் 241ஆம் பாட்டில் ஆய் அண்டிரன் விண்ணுலகு புகுகிறான். வள்ளலை வரவேற்க வச்சிரம் ஏந்தியவன் கோயிலில் முரசு முழங்குவதாக முடமோசியார் பாடுகிறார். அதே தொகையின் 182ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்திரர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் அதனைத் தனித்து உண்ணாத சான்றோரால் இவ்வுலகம் நிற்கிறது என்கிறார். இரண்டையும் சேர்த்து நோக்குக. தமிழ்ப்புலவர் இந்திரனை மறுக்கவுமில்லை. அவன் காலில் வீழவுமில்லை. மனிதனின் உயர்வை அளந்து காட்டும் அளவுகோலாக அவனைக் கொண்டனர்.

சிலம்பும் மேகலையும்

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவுக்குத் தனிக் காதையே உண்டு. புகார் நகரில் வச்சிரத்துக்கும், ஐராவதத்துக்கும், வானவர் தருவுக்கும் கோட்டங்கள் இருந்தன என்று அறிகிறோம். சித்திரைத் திங்களில் சித்திரை மீனோடு நிறைமதி கூடிய நாள் அவ்விழாவுக்கு உரியது. அகத்தியர் சொற்படி, தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் இந்திரனை வேண்டி இருபத்தெட்டு நாள் விழாவைத் தொடங்கினான் என மணிமேகலை கூறும். பிற்காலத்தே, மகனை இழந்த துயரால் நெடுமுடிக்கிள்ளி விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. ஒரு நகரத்தின் வாழ்வும் தாழ்வும் அவ்விழாவோடு பிணைக்கப்பட்டிருந்தன என்றால், தமிழர்க்கு அவன் அயலான் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும், அதே மணிமேகலையில் இந்திரன்மீது தொடுக்கப்பட்ட கடுமையான திறனாய்வும் இருக்கிறது. ஆபுத்திரன் கதையே அது. அமுதசுரபியைப் பெற்று மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டு வந்தான் ஆபுத்திரன். அவன் அறத்தால் இந்திரனின் இருக்கை அசைந்தது. முதிய அந்தணனாய் வந்த இந்திரன், ‘வேண்டும் வரம் கேள்’ என்றான். ஆபுத்திரன் விலா இறச் சிரித்தான். ‘உம் உலகில் நல்வினைப் பயனை நுகர்வோர் உண்டு, அறம் செய்வோர் உண்டோ? பசி தீர்ந்தவர் முகத்தைக் காணும் இன்பத்தை இப்பாத்திரம் எனக்குத் தருகிறது. நீர் தரக்கூடியது என்ன?’ என்ற கருத்துப்படக் கேட்டான்.

சினந்த இந்திரன் என்ன செய்தான்? இடி எறிந்தானா? இல்லை, மழையைப் பெய்வித்தான்! பன்னீராண்டு வறண்டு கிடந்த பாண்டி நாடு செழித்தது. பசித்தவர் இல்லாமற் போயினர். ஆபுத்திரனுக்கு வேலையும் இல்லாமற் போயிற்று. பழிவாங்கப் பெய்த மழையால் நாடு பிழைத்தது. சாத்தனாரின் நுண்ணிய நகைச்சுவையை என்னென்பது! வேத இந்திரனின் தலையாய கடமையாகிய மழையை அவன் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் நெஞ்சின் சிறுமையை மட்டும் புலவர் தோலுரித்துக் காட்டுகிறார். பௌத்தக் காப்பியமாதலின் வேதத்தெய்வத்தைத் தாழ்த்தியது என்று ஒருவர் கூறலாம். ஆனால் விழாவை மறந்ததால் நகரமே அழிந்தது என்று சொல்வதும் அதே காப்பியந்தான். ஆகவே இதனை வெறுஞ்சமயப் பகை என்று தள்ளிவிட இயலாது.

அவ்வாபுத்திரன் பின்னர், மழையின்றி உயிர்கள் மடியும் சாவக நாட்டை நாடிக் கப்பலேறினான் என்பதும், இடையில் மணிபல்லவத்தில் உயிர்நீத்து அச்சாவகத்திலேயே அரசனாய்ப் பிறந்தான் என்பதும் இப்பகுதியில் வாழும் நமக்குத் தனிச்சுவை தருவன. சாவகம் என்பது சாவாத் தீவு என்று ஆராய்ச்சியாளர் கூறுவர்.

பதவியாய் மாறிய பெயர்

புராணங்களில் இந்திரன் என்பது ஒருவனின் பெயர் என்பதைவிட ஒரு பதவியின் பெயர் என்பதே பொருந்தும். மனுவின் காலந்தோறும் ஓர் இந்திரன். இப்போதைய இந்திரன் பெயர் புரந்தரன். அடுத்த காலத்தின் இந்திரன், திருமாலால் பாதாளம் சேர்ந்த மாவலி! தோற்றவனுக்கு அடுத்த முறை உண்டு; வென்றவனுக்கு முடிவு நாள் உண்டு. பிரமவைவர்த்த புராணத்தில் வரும் எறும்புக் கதை இதனை இன்னும் கூர்மையாக்குகிறது. விசுவகருமனைக் கொண்டு மேலும் மேலும் பெரிய மாளிகை கட்டுவித்துச் செருக்குற்றிருந்த இந்திரன் முன், சிறுவன் உருவில் வந்தான் திருமால். தரையில் ஊர்ந்து செல்லும் எறும்பு வரிசையைக் கண்டு அவன் நகைத்தான். காரணம் கேட்டபோது, ‘இவை ஒவ்வொன்றும் முன்னொரு காலத்தில் இந்திரனாய் இருந்தவை’ என்றான்.

இதைத் தெய்வ நிந்தை என்பதா? அன்று. ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் அனைவர்க்கும் கூறிய அறிவுரை இது. மன்னராட்சி நிலவிய நாட்டில் மன்னனைக் கண்டித்துப் பாடுவது எளிதன்று. வானவர் மன்னனைக் கண்டித்துப் பாடுவதற்கோ தடையில்லை. தவம் செய்வோரைக் கண்டு நடுங்கும் இந்திரனின் சித்திரத்தில், ஆற்றலுடைய குடிகளைக் கண்டு அஞ்சும் அரசரைக் கேட்போர் கண்டிருப்பர் என்றே கருதுகிறேன்.

எனினும், எல்லாவற்றையும் அறநோக்கம் என்று சொல்லி விடுவதும் நடுநிலை ஆகாது. சமயப் போட்டியும் அதில் உண்டு. ஆயர் இந்திரனுக்கு எடுத்த விழாவைக் கண்ணன் நிறுத்தி, கோவர்த்தன மலைக்கே பூசை செய்யச் சொன்னதும், சினந்த இந்திரன் கல்மழை பொழிய மலையே குடையானதும், திருமால் நெறி ஓங்கி இந்திர வழிபாடு ஒடுங்கியதன் நினைவுகளே. சைவமும் அவ்வாறே. கந்தபுராணத்தில் சூரபதுமனுக்கு அஞ்சி ஒளிந்த இந்திரன், முருகப்பெருமானால் மீட்கப்பட்டுத் தன் மகள் தெய்வயானையைத் திருப்பரங்குன்றத்தில் மணம் செய்து கொடுக்கிறான்.

இவற்றுள் மிகக் கருத்துடையது மதுரைக் கதை. பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணத்தில் முதல் திருவிளையாடலே இந்திரன் பழி தீர்த்தது. விசுவரூபனையும் விருத்திரனையும் கொன்ற பழி சூழ அலைந்த இந்திரன், கடம்ப வனத்தில் சிவலிங்கத்தைக் கண்டதும் பழி நீங்குகிறது. அங்கே விமானம் அமைத்துப் பொற்றாமரை கொண்டு வழிபடுகிறான். அவன் ஆண்டுதோறும் வந்து வழிபட வேண்டிய நாள் எது? சித்திரை நிறைமதி நாள்! புகாரில் இந்திரனுக்கு விழா எடுத்த நாளும் சித்திரை நிறைமதியே. மதுரையில் இந்திரன் சிவனுக்கு விழா எடுக்கும் நாளும் அதுவே. வழிபடப்பட்டவன் வழிபடுவோனாகி விட்டான்; நாள் மட்டும் மாறவில்லை. வேதம் எச்செயலைப் பெரும்புகழாய்ப் பாடிற்றோ, அச்செயலே இங்குக் கழுவ வேண்டிய பழியாய் நிற்கிறது. வெற்றி பெற்றவனும் தான் சிந்திய குருதிக்கு விடை சொல்லியே ஆகவேண்டும் என்ற அறவுணர்வு அதனுள் ஒளிர்கிறது.

நம் நாட்டுத் தெலுக் இந்தானில் சித்திரா பௌர்ணமி விழாவுக்குத் திரளும் அன்பர்கள் முருகனைத் தொழவே செல்கின்றனர். அந்நாளின் பழைய உரிமையாளருள் இந்திரனும் ஒருவன் என்பதை அவர்கள் நினைவிற் கொள்வது நன்று.

வள்ளுவர் வைத்த இடம்

இந்திரனுக்கு உரிய இடம் எது என்பதை வள்ளுவரைப்போல் துல்லியமாய் அளந்தவர் இலர். கடவுள் வாழ்த்தை அடுத்து மழையின் சிறப்பைப் பத்துக் குறட்பாக்களில் பாடுகிறார். அங்கே இந்திரன் பெயர் இல்லை. மழையைத் தருபவனாக அவனை எல்லோரும் போற்றிய சூழலில் இம்மௌனம் தற்செயல் ஆகாது. ஆனால் அதற்கு அடுத்த நீத்தார் பெருமையில், 25ஆம் குறளில், அவன் பெயர் வருகிறது. ஐம்புலன்களை அடக்கியவன் ஆற்றலுக்குச் சான்றாக வருகிறது. தான் அடக்காமையால் சாபம் பெற்று, அடக்கியவனது ஆற்றலை இந்திரன் உணர்த்தினான் என்பது பரிமேலழகர் உரை. தோற்றவனே வென்றவன் பெருமைக்குச் சான்று என்பது அதன் நயம்.

இதில் இன்னுமொரு நயம் உண்டு. புலனைக் குறிக்கும் ‘இந்திரியம்’ என்ற வடசொல்லை இந்திரன் என்ற பெயரிலிருந்தே பாணினி வருவித்தார். புலன்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தவனே புலனடக்கத்துக்கு எதிர்மறைச் சான்றாய் நிற்கிறான்! இதனை அறிய நாம் வடமொழிப் பள்ளிக்குச் செல்லவும் வேண்டா. நம் அண்டை வீட்டு மலாய்க் குழந்தை பள்ளியில் ஐம்புலன்களைக் குறிக்கக் கற்கும் சொல் ‘பஞ்சஇந்திரா’ என்பதே.

கடல் கடந்த வானவர்கோன்

இத்தென்கிழக்காசியாவில் இந்திரன் பெற்ற மதிப்பும் நம் கருத்தை வலியுறுத்தும். பழைய மலாய்க் கதைகளில் ‘இந்திரா’ என்பது இளவரசர்க்கும் வானுலகுக்கும் உரிய பெயராய் மிளிர்கிறது. ‘இந்திராபுத்ரா’ என்னும் இளவரசனின் கதை புகழ் பெற்றது. பாங்காக்கு நகரின் நீண்ட முழுப்பெயரில் இந்திரன் அளித்த நகர் என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. கம்போசத்தில் கி.பி. 877 முதல் 889 வரை ஆண்ட முதலாம் இந்திரவர்மன், தான் அமைத்த பெரிய நீர்நிலைக்கு ‘இந்திரதடாகம்’ என்று பெயரிட்டான். மன்னன் பெயரும் அவனே. நீரின் பெயரும் அவனே. 967இல் எழுந்த பந்தியாய் சிரேய் கோயிலின் முகப்பொன்றில், காண்டவ வனத்தீயை அணைக்க இந்திரன் மழை பொழியும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. வேதத்தில் நீரை விடுவித்தவன் நெல் விளையும் நாடுகள் எங்கும் நீரோடுதான் சென்றிருக்கிறான்.

முடிவாக

இந்திரன் வீழ்ந்தானா? வழிபாட்டுத் தலைமையிலிருந்து இறங்கினான் என்பது மெய். இன்று கோயில்களில் கிழக்குத் திசைக் காவலனாகவும், பொங்கலுக்கு முன்னாளாகிய போகியில் பெயரளவிலும் அவன் எஞ்சியிருக்கிறான். ஆனால் இந்து சமயச் சிந்தனையில் அவன் ஆற்றிய பணி வழிபாட்டோடு முடியவில்லை. புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்த சிபியின் அருளைப் பருந்தாய் வந்து உலகறியச் செய்தவன் அவன். கவசத்தைக் கேட்டுக் கர்ணனின் கொடையை நிலைநாட்டியவன் அவன். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று கூறித் தருமனின் உறுதியை விளக்கியவன் அவன். ஆபுத்திரனின் அறம் அவனுக்கு முன்னே நின்றே ஒளிர்ந்தது. அவன் இல்லையேல் இவர்களின் உயரத்தை எதைக்கொண்டு அளப்போம்?

வலிமையே தெய்வம் என்று தொடங்கிய ஒரு நெறி, வலிமையை ஐயுற்று, வலிமைக்கு அறத்தைக் கற்பித்து, இறுதியில் அறத்தின் முன் வலிமையை நாணி நிற்கச் செய்த வரலாறே இந்திரனின் வரலாறு. அதனை மேடை நகைச்சுவையாய்க் குறுக்கிவிடுவோரும், ‘நமக்கு உரியதன்று’ என்று ஒதுக்கிவிடுவோரும் தம் முன்னோர் பன்னூற்றாண்டு முயன்று எழுதிய ஒரு பெரிய பாடத்தைப் படிக்காமலே மூடி வைக்கின்றனர். அடுத்த முறை மேடையில் இந்திரன் தோன்றி நாம் நகைக்கும்போது, நகைப்பினூடே ஒன்றை நினைவிற் கொள்வோம்: ஆட்சியில் இருப்பவனைப் பார்த்து அச்சமின்றி நகைக்கும் உரிமையை நமக்குக் கற்பித்தவரும், அந்த இந்திரனைப் படைத்த அதே மூதாதையரே.